எல்லப்பன் போனில் ஒன்பது பேராசிரியர்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் இனிமேல் கணக்கைத் திறக்க ஆறு இலக்க எண் தேவையில்லையாம். முகத்தைக் காட்டினால் போதுமாம். போன வாரம் கணினி மையத்திலிருந்து ஜெயந்தி பேசினாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். துறைகளில் ஒரே முனகல் என்றாள். தாடி வைத்தால் திறக்குமா, கண்ணாடி மாற்றினால் திறக்குமா, பல்செட் கழற்றிவிட்டால் திறக்குமா என்று கேட்டுக் குடைகிறார்களாம். அந்த ஆறு இலக்க எண்ணை முதன்முதலில் கொண்டு வந்தபோது நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாள். சமாளித்தேன் என்று யார் சொன்னது? நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, ஊழியர் மலருக்கு எழுதிக் கொடுங்கள், ஆனால் உங்களைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளாமல் எழுதுங்கள் என்று நிபந்தனை போட்டாள். அந்த ஆபத்து இந்தக் கதையில் இல்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

என் உத்தியோகத்தை நாலு வரியில் முடித்துவிடலாம். தட்டச்சராகச் சேர்ந்தேன். மதிப்பெண் பட்டியல் அடித்து அடித்து விரல் நுனி தேய்ந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏ.சி. அறை கொடுத்தார்கள், நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கேபிள் இழுத்தேன், பிரிண்டரில் சிக்கிய காகிதம் உருவினேன், கடைசியில் முதுநிலைத் தொழில்நுட்ப உதவியாளர் ஆனேன். வளாகத்தில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னைத் திட்டலாம் என்பது அந்தப் பதவியின் பொருள்.

எனக்கு மேலே இருந்தவர் மல்லிகா மேடம். கணினி மைய மேலாளர். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தேவையும் இருந்ததில்லை. காலையில் வாசலில் காவலாளி எழுந்து சல்யூட் அடிப்பார். மேடம் தன் அடையாள அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டுவார். அவர் பார்க்காமலே தலையாட்டினால் அங்கேயே நிற்பார். அட்டையில் இருக்கும் படத்தையும் ஆளையும் அவர் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் உள்ளே வருவார். மேசையில் ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள்களை நாலாகக் கிழித்து அடுக்கி வைத்திருப்பார். எந்த வேலை முடிந்தாலும் அதில் ஒரு துண்டை எடுத்துப் பச்சை மை பேனாவால் "உறுதி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் குத்துவார். உறுதியாகாத வேலை அவரைப் பொறுத்தவரை நடக்காத வேலை.

யார் தொலைபேசியில் கூப்பிட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"நீங்க நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதிவாளர் கூப்பிட்டாலும் இதுதான். ஒருநாள் மேடத்தின் வீட்டுக்காரர் கூப்பிட்டார். கேள்வி வந்தது. அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, மேடம் சற்று யோசித்துவிட்டு, "சரி, சாம்பார்ல உப்பு இல்லாதது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும், சொல்லுங்க" என்றார். நான் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவர் கையில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்! கடவுச்சொல் மட்டும் போதாது, உங்கள் போனில் ஒரு ஆப் இருக்க வேண்டும், அதில் முப்பது வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணையும் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேடம் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு முழுச் சிரிப்பைப் பார்த்தேன். தன் வாழ்நாள் கேள்வியை ஒரு மெஷின் கேட்கப் போகிறது என்ற சந்தோஷம் அது.

விளக்கக் கையேடு எழுதும் வேலை எனக்கு. பதினான்கு படிகள் எழுதினேன். ஒவ்வொரு படிக்கும் படம். லேமினேட் செய்து எல்லாத் துறைக்கும் அனுப்பினேன். ஒரு துறையில் அதை டீ தம்ளருக்கு அடியில் பார்த்தேன், இன்னொன்றில் ஈ ஓட்டப் பயன்பட்டது. மாத முடிவுக்குள் அத்தனை ஆசிரியரும் பதிவு செய்தாக வேண்டும் என்று பதிவாளர் கெடு வைத்திருந்தார். ஒரு துறையும் அசையவில்லை. திடீரென்று ஒருநாள் வரலாற்றுத் துறை முழுமையாக முடித்துவிட்டது. ஒன்பது பேராசிரியர், ஒன்பது பேரும் ஒரே மதியத்தில். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறிக்கை எடுத்தேன். அதில் எந்தப் போனில் பதிவு செய்தார்கள் என்று ஒரு பத்தி உண்டு. ஒன்பது பெயருக்கு நேராகவும் ஒரே போனின் பெயர் இருந்தது: "எல்லப்பன் சேலையூர்."

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அப்போதே எழுந்து போய்க் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு துறையாவது நூறு சதவீதம் என்று சொல்ல முடிந்தால் பதிவாளர் முன்னால் எனக்குக் கிடைக்கப்போகும் பெயர் கண்ணை மறைத்தது. கையெழுத்துப் போட்டு மேடத்திடம் வைத்தேன், அவரும் போட்டார். கூட்டத்தில் எழுந்து, வரலாற்றுத் துறையைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வேறு பேசினேன். கைத்தட்டல் கிடைத்தது.

எல்லப்பன் அந்தத் துறையின் அலுவலக உதவியாளர். சேலையூர் வயலாக இருந்த காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் அங்கேதான். இப்போது அந்த வயல் கேம்ப் ரோட்டில் வாடகைக் கடைகளாக நிற்கிறது. அவருக்கு வேலைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் இருந்தால் சம்சாரம் ஏதாவது வேலை சொல்லும் என்பதற்காக வருகிறேன் என்பார். துறைத்தலைவர் பேராசிரியர் பரமசிவம் குடியிருந்ததே எல்லப்பன் வீட்டு மாடியில். ஆகவே பகலில் பரமசிவம் மணி அடித்தால் எல்லப்பன் ஓடுவார், மாலையில் எல்லப்பன் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினால் பரமசிவம் கீழே ஓடி வருவார்.

துறையிலேயே நல்ல போன் எல்லப்பனுடையதுதான். பேராசிரியர்களின் போன்களில் காலை வணக்கப் படங்கள் நிரம்பி, ஆப் இறக்க இடமில்லை. அதனால் ஒன்பது கணக்கும் எல்லப்பன் போனில் ஏறிவிட்டது. ஏற்கெனவே பீரோ சாவி, புரொஜெக்டர் சாவி, கழிப்பறைச் சாவி எல்லாம் அவரிடம்தான். இதையும் ஒரு சாவி என்று நினைத்துவிட்டார்கள். ஒருமுறை பிரிண்டர் பார்க்கப் போனபோது நேரிலேயே கண்டேன். உள்ளேயிருந்து "எல்லப்பா, நம்பர்" என்று குரல் வரும். எல்லப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போனைத் திறந்து, தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆறு இலக்கத்தையும் ஏலம் விடுவார். ஆப்பில் அவர்கள் பெயரைத் தன் வசதிக்கு மாற்றி வைத்திருந்தார்: கண்ணாடி சார், வெத்தல மேடம், தூங்குமூஞ்சி சார், மேல் வூட்டு சார். மேல் வூட்டு சார்தான் பரமசிவம். நான் பிரிண்டரை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்கு என் அறைக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். கௌசல்யா. பரமசிவத்திடம் ஆராய்ச்சி செய்கிறவள். கோவளம் தாண்டிக் கடலோர ஊர், அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். கடற்கரைச் சந்தைகளின் வரலாறு என்று ஆறு வருஷம் உழைத்து ஆய்வேடு முடித்திருந்தாள். பேசத் தொடங்கினாள், விக்கல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன், நிற்கவில்லை. பதற்றம் வந்தால் அவளுக்கு விக்கல் வருமாம். விக்கல்களுக்கு நடுவே விஷயத்தைச் சேகரித்தேன்.

ஆய்வேட்டை ஏற்றுக்கொள்வதற்கு அன்று மாலை ஐந்து மணி கடைசி. வழிகாட்டி தன் கணக்கில் நுழைந்து ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் ரசீது வரும். அந்த ரசீதோடு திங்கட்கிழமை போனால் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. தவறினால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து, கல்லூரி அதுவரை காத்திருக்காது. பரமசிவம் பத்து நாளாக நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசி நாள் தயிர்சாதம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து, நிதானமாகக் கம்ப்யூட்டரைத் திறந்து, "எல்லப்பா, நம்பர்" என்றிருக்கிறார்.

எல்லப்பனிடம் புதுப் போன். காலையில்தான் வாங்கினாராம். அதில் ஆப் இருக்கிறது, எண் இல்லை.

நான் போய்ப் பார்த்தேன். எல்லப்பன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய பெண்டுலக் கடிகாரம் சாய்ந்திருந்தது. பழைய போன் எங்கே என்றேன். கடிகாரத்தைப் பெருமையாகத் தட்டிக் காட்டினார்.

"பல்லாவரம் சந்தைல குடுத்துட்டு இத்த வாங்கியாந்தேன் சார். தேக்கு. ஓடல, ஆனா இன்னா லுக்கு பாரு. சிம்முதான் புதுசுல மாத்திட்டேனே, நம்பரு கூடவே வந்துராதா?"

வராது என்பதுதான் என் கையேட்டின் ஒன்பதாம் படி. சிம் வேறு, ஆப் வேறு. எண்ணைத் தயாரிக்கும் ரகசியம் அந்தப் பழைய போனுக்குள்தான் இருக்கும். அதைப் பூட்டாவது போட்டு வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். பூட்டுப் போட்டால் யார் ஒவ்வொரு வாட்டியும் திறப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஒன்பது பேராசிரியர்களின் கணக்கு சந்தையில் திறந்து கிடந்தது.

பரமசிவத்தையும் கௌசல்யாவையும் அழைத்துக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். போனை மாற்றிப் பதிவு செய்ய விண்ணப்பம் உண்டு. ஆள் நேரில் வர வேண்டும், அட்டை காட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தது. மேடம் பரமசிவத்தின் முகத்தையும் அட்டையையும் பார்த்தார், பச்சை மையில் எழுதினார், கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு, நாளை மதியம் மூன்று மணிக்குத் திறக்கும் என்றார்.

போனையோ கடவுச்சொல்லையோ மாற்றினால் இருபத்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. முன்பு எவனோ ஒருவன் ஒரு பேராசிரியரின் குரலில் பேசிக் கடவுச்சொல்லை மாற்றி, அவர் பெயரில் ஊருக்கெல்லாம் அவசர மின்னஞ்சல் அனுப்பிய பிறகு மேடம் கொண்டு வந்தது. அதுவரை பழைய போனின் எண் மட்டும் செல்லும். நான் கெஞ்சினேன். ஒரே ஒரு பெண்ணுக்காக, ஒரே ஒரு நாள், உங்களால் முடியாதா என்றேன்.

"எனக்கே முடியாத மாதிரிதான் போட்டு வச்சிருக்கேன்" என்றார் மேடம். "முடியும்னா நான் இரக்கப்பட்டுடுவேன்."

அப்படிச் சொன்னபோது அவர் கௌசல்யாவைப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஆக, போனைத் தேடிப் போவதைத் தவிர வழியில்லை. மணி மூன்றேகால். எல்லப்பன் தன் புல்லட்டை எடுத்தார். பின் சீட்டில் கடிகாரத்தைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார், திருப்பிக் கொடுத்துப் போனை வாங்கலாம் என்று. எனக்கு இடமில்லை. கௌசல்யாவின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்தேன். அவளுக்கு விக்கல் வரும்போதெல்லாம் கை ஆக்சிலேட்டரை முறுக்கியது. வண்டி ஒரு துள்ளல் துள்ளும், நான் பின்னால் சாய்வேன். கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து சானடோரியம், குரோம்பேட்டை தாண்டுவதற்குள் எத்தனை துள்ளல் என்று எண்ணுவதை விட்டுவிட்டு வேண்டுதலில் இறங்கினேன். முன்னால் கடிகாரத்தின் பெண்டுலம் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஆடியபடி போனது. சிக்னலில் ஒரு பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். அந்த அறிக்கையில் அன்றைக்கே கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பெண் இப்படி விக்கிக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டியதில்லை. இவள் வேலை போனால் அதற்கு எல்லப்பன் காரணமில்லை, பரமசிவம்கூடக் காரணமில்லை, நூறு சதவீதத்துக்கு ஆசைப்பட்ட நான்தான் காரணம். அவளிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் விக்கல் வந்தது, வண்டி துள்ளியது, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் கிடைக்காதது என்று ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம். ரோஜாச் செடி, புறா, பழைய கிராமபோன், ஒற்றைக் கதவு, யாரோ ஜெயித்த பந்தயக் கோப்பை. அந்தக் கூட்டத்தில் எல்லப்பன் கடிகாரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, ஆளாளுக்கு அதற்கு விலை கேட்க, கடைசியில் நாலேகாலுக்கு அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மூன்று ஓடாத கடிகாரமும், ஒரு கூடைப் பழைய போனும், நடுவில் கடைக்கார அம்மாவும். அவர் கையில்தான் எல்லப்பனின் போன். குனிந்த தலை நிமிராமல் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

கடிகாரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எல்லப்பன் ஆரம்பித்தார். அந்த அம்மா ஒரே பேச்சில் முடித்தார். "ஓடாத கடியாரத்த உன் தலைல கட்டுனதே நானு. அத்த நானே இன்னாத்துக்குத் திருப்பி வாங்கிக்கணும்?"

நியாயம்தானே. நான் பல்கலைக்கழகம், பாதுகாப்பு, சட்டம் என்று ஏதேதோ பேசினேன். அவர் இன்னும் நாலு மிட்டாயை உடைத்தார். அப்போது கௌசல்யா அவர் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அதுவரை எங்களிடம் அடக்கமாகப் பேசிய பெண், பேச்சே மாறியது.

"அக்கா, நானும் விக்கிறவங்க வூட்டுப் பொண்ணுதான். எங்கம்மா மீன் கூடை தூக்கி என்னப் படிக்க வச்சுது. வாங்குன பொருள யாரும் திருப்பிக் கேக்கல. அஞ்சு நிமிசம் கைல குடு. உன் கண்ணு முன்னாலயே வச்சிக்கிறேன்."

சொல்லி முடித்ததும் ஒரு பெரிய விக்கல். அந்த அம்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார், போனையும் கொடுத்தார்.

ஆப்பைத் திறந்தேன். கண்ணாடி சார் முதல் மேல் வூட்டு சார் வரை ஒன்பது பேரும் பத்திரமாக இருந்தார்கள். பரமசிவத்தைக் கூப்பிட்டேன். ஐந்து தடவை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும், கவனம் என்றேன். எண்ணைப் படித்தேன். தப்பு என்றது. மறுபடி படித்தேன், மறுபடியும் தப்பு. பரமசிவம் சினந்தார். இந்த மெஷினுக்குத் தன்னைத் தெரியாதா, முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் என்று. மூன்றாம் தடவையும் தப்பு. என் போன் சார்ஜ் தீர்ந்து உயிரை விட்டது. மணி நாலே முக்கால்.

அப்போதுதான் பழைய போனின் மேல் ஓரத்தைப் பார்த்தேன். அதில் தேதி அடுத்த புதன்கிழமை என்றிருந்தது. அந்த எண் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. போனின் நேரம் தப்பென்றால் எண்ணும் தப்பு. என் கையேட்டின் பதினான்காம் படி, நானே மறந்துவிட்டேன். தேதியை யார் மாற்றியது என்று கேட்டேன்.

கடைக்கார அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "நாந்தான். உசுரு தீந்துபோச்சின்னா தேதிய முன்னாடி தள்ளுனா புது உசுரு வரும். இப்ப முப்பது உசுரு சேத்து வச்சிகினுகீறேன். நீ மாத்துனா அல்லாம் பூடும்."

விளையாட்டில் அவருக்கு முப்பது உயிர். எங்கள் பக்கம் ஒரே ஒரு ஆய்வேடு. எல்லப்பன்தான் பேசித் தீர்த்தார். தன் புத்தம்புதுப் போனிலிருந்து அப்புறமாக சிம்மைக் கழற்றிக்கொண்டு போனை அவரிடமே கொடுத்துவிடுவதாகவும், பழையதைத் தான் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். புதுப் போனில் விளையாட்டு இன்னும் பளபளப்பாக இருக்கும் என்று ஆசை காட்டினார். கடிகாரமும் நம்மிடம், பழைய போனும் நம்மிடம், ரெண்டு பொருளும் நமக்கே வந்துவிட்டது என்று என் காதில் பெருமையாகச் சொன்னார். கணக்கு விளங்கவைக்க நேரமில்லை.

பழைய போனில் சிம் கிடையாது, நேரம் தானாகச் சரியாகாது. கையால் வைக்க வேண்டும். கையால் வைத்தால் வினாடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே ஒரு கையில் எல்லப்பனின் புதுப் போன், மறு கையில் பழைய போன். தேதியைப் பின்னுக்கு இழுத்தேன், நாலு ஐம்பத்து நான்கு என்று வைத்து, விரலைப் பொத்தான் மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். புதுப் போனில் நிமிஷம் மாறிய கணத்தில் அழுத்தினேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

எல்லப்பன் போனிலிருந்து பரமசிவத்தைக் கூப்பிட்டேன். நான்காவது தடவை எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பரமசிவம் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறவர். நாலு இலக்கம் முடிப்பதற்குள் எண் மாறிவிட்டது. இருந்தும் மிச்சம் இரண்டையும் போட்டு அழுத்திவிட்டார். தப்பு. இன்னும் ஒரே ஒரு தடவைதான். அவர் கோபத்தில் போனை வைத்துவிட்டார்.

மறுபடி அடித்து, சார் என்றேன். இந்தத் தடவை எடுத்தது வேறு குரல். நிதானமான குரல்.

"இது எல்லப்பன் நம்பர். பேசறது எல்லப்பன் இல்ல. நீங்க யாரு?"

மல்லிகா மேடம். கணினி மையத்தை விட்டு வெளியே வராதவர், வரலாற்றுத் துறைக்குப் போய்ப் பரமசிவத்தின் பக்கத்தில் நின்றிருக்கிறார். மேடம், நான் சுந்தரம் என்றேன். தெரிந்த கேள்வி வந்தது. நீங்க நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?

மணி நாலு ஐம்பத்தாறு. கௌசல்யா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விக்கினாள். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"மேடம், போன வருஷம் நீங்களே உங்க பாஸ்வேர்டை மறந்து உங்க கணக்கு பூட்டிக்கிச்சு. உங்க விதிப்படி நீங்களே இருபத்து நாலு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தீங்க. வெளில ஆடிட் வேலைன்னு சொல்லச் சொன்னீங்க. அது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"போன் ஸ்பீக்கர்ல இருக்கு, சுந்தரம்" என்றார் மேடம். பின்னால் பரமசிவம் இருமுவது கேட்டது. "சரி. நீங்கதான். புது எண் வர்ற நொடியில ஆரம்பிங்க. நான் சொல்றேன், அவர் தட்டுவார்."

ஆப்பில் ஒரு வட்டம் கரைந்துகொண்டே வரும். அது தீர்ந்து புதிதாக நிரம்பிய நொடியில் முதல் இலக்கத்தைச் சொன்னேன். மேடம் அதைத் திருப்பிச் சொன்னார். எங்கே விரல் வைக்க வேண்டும் என்று பரமசிவத்துக்கு மேல் வரிசை, இடமிருந்து மூன்றாவது என்று பாடம் எடுத்தார். இரண்டாவது. மூன்றாவது. எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டார். கடைக்கார அம்மா விலை கேட்டு வந்தவரைக் கையமர்த்தினார். ஆறாவது இலக்கம் சொல்லும்போது வட்டத்தில் நூலளவு மிச்சம்.

திறந்துவிட்டது என்றார் மேடம். ஒப்புதல் பொத்தானைப் பரமசிவம் தேடினார், கிடைத்தது, அழுத்தினார். ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது.

கௌசல்யா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள், சிரிப்புக்கு நடுவே பழைய போனின் மணி மாதிரி விட்டு விட்டு விக்கினாள். மேடம் அந்தப் பக்கமிருந்து அது என்ன சத்தம் என்று கேட்டார். கௌசல்யாதான் மேடம், சந்தோஷம் என்றேன். ஓ என்று வைத்துவிட்டார்.

அவள் என்னிடம் கையைக் கூப்பி, உங்களால்தான் சார் என்றாள். எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே, புறாக் கூண்டுகளுக்கு நடுவில் நின்று சொல்லிவிட்டேன். ஆமாம்மா, இந்தக் கஷ்டமும் என்னால்தான், ஒன்பது கணக்கும் ஒரே போனில் இருந்ததை அன்றைக்கே பார்த்தேன், பெயர் வாங்க ஆசைப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சார், அந்த ஒன்பதையும் அண்ணன் போன்ல ஏத்துனதே நான்தான். கைடு சார் எல்லார் வேலையையும் ஒரே மதியத்துல முடிச்சுடுன்னாரு. யார் போன்லயும் இடமில்ல. உங்க கையேட்டைப் பாத்துத்தான் பண்ணேன். பதினாலு படியும் படிச்சேன். ஒருத்தர் போன்ல ஒருத்தர்தான்னு அதுல எங்கயுமே எழுதலையே சார்."

வளாகம் முழுக்கத் தேடியும் கிடைக்காத வாசகி! என் கையேட்டைக் கடைசிவரை படித்த ஒரே ஆள் அவள்தான். அவள் சொன்னது உண்மை, நான் எழுதவில்லை. எழுதத் தேவையே இல்லை என்று நினைத்திருந்தேன். வழியெல்லாம் அவளும் என்னைப் போலவே மனசுக்குள் குமைந்துகொண்டு வந்திருக்கிறாள், விக்கல் பாதி அதனால்தான். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எல்லப்பன், "இதுல யாரு தப்புன்னு அப்பால பேசிக்கலாம் சார், வண்டில கடியாரத்த ஒரு கை புடி" என்றார்.

திங்கட்கிழமை காலை என் தவற்றை ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். படித்தார். இழுப்பறையைத் திறந்து இன்னொரு கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். சனிக்கிழமையே வந்திருந்தது. தவறு முழுக்கத் தன்னுடையது, சுந்தரம் சாரை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கௌசல்யா எழுதியிருந்தாள். பிறகு மேடம் அந்தப் பழைய அறிக்கையை எடுத்து விரித்தார். ஒன்பது பெயர், ஒன்பது எல்லப்பன். கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே, பச்சை மையில், உறுதி செய்யப்பட்டது.

"கடைசியில போட்டது யாருன்னு பாத்தீங்களா?" என்றார் மேடம். "நானும் அந்தப் பத்தியைப் படிச்சேன். உங்களுக்கு இருந்த ஆசை எனக்கும் இருந்தது."

என் வாழ்க்கையில் அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அவர் மூன்று தாளையும் ஒன்றாகக் குத்திக் கோப்பில் வைத்தார். கையேட்டில் பதினைந்தாம் படி சேர்க்கச் சொன்னார்: ஒருவர் போனில் ஒருவர் மட்டும். எழுதிக்கொண்டேன். கதவு வரை போனவனைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு வேலைல சேந்துட்டாளா?"

சேர்ந்துவிட்டாள் மேடம், இப்போதுதான் கல்லூரியிலிருந்து கூப்பிட்டாள் என்றேன்.

"பேசினது அவதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசவே முடியல மேடம். விக்கிட்டே இருந்தாங்க."

மேடம் ஒரு துண்டுத் தாளை எடுத்தார். பச்சை மையால் "உறுதி செய்யப்பட்டது" என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். அதைக் கோப்பில் குத்தாமல் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.